கண்ணை மூடிக்கொண்ட சாட்சி

அக்காவுக்குப் பல்லியென்றால் பயம். லிஃப்டென்றால் பயம். குக்கர் விசில் அடிக்கத் தொடங்கினாலே அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்து நின்றுகொள்வார். அவர் வீடு பொழிச்சலூரில் இருந்தது. மொட்டை மாடியில் காயும் துணியைத் தொட்டுவிடுமோ என்பதுபோல அங்கே விமானங்கள் தாழ்ந்து இறங்கும். வருடக்கணக்காக அங்கேயே குடியிருந்தும், ஒவ்வொரு விமானத்துக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு, சத்தம் முழுக்க அடங்கும்வரை பேச்சை நிறுத்திவிடுவார். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதென்றால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் என் கையில் அவர் நகத்தின் தடம் இருக்கும்.

எங்கள் அலுவலகம் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்தது. விவசாயத் துறையின் சின்னக் கிளை. சுற்றுவட்டாரத்தில் வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலம். விவசாயம் இருந்ததோ இல்லையோ, எங்களுக்குக் கோப்புகள் இருந்தன. நான் அங்கே தட்டச்சர். அக்கா கண்காணிப்பாளர், என்னைவிடச் சில வயது மூத்தவர். கணவர் இதே துறையில் வேலை பார்த்து இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. ஒரே மகள், அப்போது படித்துக்கொண்டிருந்தாள்; பின்னால் சிறுசேரியில் ஒரு கணினிக் கம்பெனியில் சேர்ந்தாள். அலுவலகத்து ஆண்கள் அக்காவுக்கு ‘ஐயோ மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எதற்கும் முதலில் அவர் வாயில் வருவது அந்தச் சொல்தான்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் உரக்கடைக்காரர் ஒருவர் அக்கா வீட்டில் ஒரு ஸ்வீட் பாக்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். மகள் வாங்கி வைத்திருக்கிறாள். அக்கா அதைப் பிரிக்கக்கூட இல்லை. மறுநாள் காலை ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கடைக்கே போனார். துணைக்கு நானும் போனேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் சர்க்கரையே சேர்த்துக்கறதில்ல,” என்று ஏதோ தானே குற்றம் செய்தவர்போல மன்னிப்புக் கேட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். கடைக்காரர் சிரித்தார். “மேடம், உங்கள மாதிரி நேர்மையானவங்க இந்தக் காலத்துல…”

“நேர்மையெல்லாம் இல்ல சார், பயம்,” என்றார் அக்கா. பணிவுக்காகச் சொல்லவில்லை. அவர் கன்னம் நிஜமாகவே வெளிறிப்போயிருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் ஊழலுக்கு எதிரான உறுதிமொழி எடுப்போம். அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் வரிசையாக நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வோம். முடிந்ததும் டீ, சமோசா. அந்த வருடம் அக்கா என் பக்கத்தில் நின்றிருந்தார். ‘லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்’ என்ற வரி வந்தபோது, பாதியில் அவர் குரல் நின்றுவிட்டது. முன்னால் இருந்த அதிகாரிக்கு அது கேட்டுவிட்டது.

“என்ன மேடம், உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார். வாங்க மாட்டேன், அது சரி. குடுக்க மாட்டேன்னு சொல்ல… நான் ஒருதடவ குடுத்திருக்கேன் சார். மறுபடி குடுக்க மாட்டேன்னும் தெரியல. பொய்யா சொல்லிட்டா பயமா இருக்கும். அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடறேன்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு தாளை மடித்துவிட்டார். யாருக்கு, எதற்குக் கொடுத்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அங்கிருந்தவர்களில் கொடுக்காதவர் யார்?

இப்படிப்பட்டவரைத்தான் லஞ்ச ஒழிப்புக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

லஞ்சம் கேட்கும் ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிக்க ஏற்பாடு செய்யும்போது, வேறு துறையைச் சேர்ந்த அரசு ஊழியர் இருவரைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். என்ன வேலை, எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அப்படி ஓர் அழைப்பு எங்கள் அதிகாரிக்கு வந்தது. ஆண்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து வெளிவேலை முளைத்துவிட்டது. அக்காவால் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடியாது. கீழே நின்ற ஜீப்பைப் பார்த்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, என்னையா கூட்டிட்டுப் போறாங்க? நான் என்ன பண்ணேன்? பாப்பாகிட்ட என்ன சொல்லுவே?”

தன்னைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேதான் அவர் ஜீப்பில் ஏறினார்.

அன்று நடந்ததைப் பிறகு பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில், அதே சொற்களில்.

புகார் கொடுத்தவள் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்த ஒரு மீன்காரப் பெண். புருஷன் கடலுக்குப் போனவன், உடல்தான் கரைக்கு வந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு வருவாய் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். எந்த ஊர் அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. அவளிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். அவள் நேராகப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ரூபாய் நோட்டுகளில் ஒரு வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. அந்த நோட்டைத் தொட்ட கையைச் சோடாக் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஜா நிறமாக மாறும். அதைச் சாட்சிகளுக்குச் செய்து காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் அக்காவைத்தான் நோட்டைத் தொட்டுவிட்டுக் கையை முக்கச் சொன்னார். தன் விரலிலிருந்து அந்த நிறம் கிளம்பித் தண்ணீரில் பரவியதைப் பார்த்ததும் அவருக்கு மயக்கமே வந்துவிட்டதாம். “நான் வாங்கின மாதிரியே இருந்துச்சுடி,” என்பார். அதன் பிறகு கைகழுவும்போதெல்லாம் அவர் தண்ணீரை உற்றுப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

மீன்காரப் பெண்ணின் நாத்தனார் என்று சொல்லிக்கொண்டு அக்கா அவளோடு உள்ளே போக வேண்டும். என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டும். போகிற வழியில் அந்தப் பெண்தான் அக்காவுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள்.

“இன்னாத்துக்குக்கா இப்டி நடுங்கிக்கினு கீறே? பேஜார் பண்ணிக்காத. பேசறதெல்லாம் நான் பேசிக்கறேன். நீ சும்மா நில்லு.”

பணம் கேட்ட அந்த அலுவலர் முரடர் இல்லை. நாற்பது தாண்டிய, நெற்றியில் விபூதியோடு சாந்தமாக இருந்த மனிதர். ‘உட்காருங்கம்மா’ என்று நாற்காலி காட்டினார். தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்து இடம் செய்தார். பிறகு அதே தணிந்த குரலில் சொன்னார்: “உங்க வீட்டுக்காரர் இருந்தா அவர்கிட்ட கேட்டிருப்பேன். இப்ப நீங்கதானே பாத்துக் குடுக்கணும்?”

“கொண்டாந்துகீறேன் சார்,” என்று அந்தப் பெண் இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்தாள்.

அந்த இடத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வேண்டுமென்று மூடவில்லை. ஊசி போடும்போது மூடிக்கொள்வதுபோலத் தானாக மூடிக்கொண்டது. மேசை இழுப்பறை சாத்தும் சத்தம் கேட்டதும்தான் திறந்தார். அதற்குள் அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலுக்குப் போயிருந்தாள். வெளியே காத்திருந்த போலீஸாருக்கு அதுதான் சைகை. அறைக்குள் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அலுவலரின் கையைக் கரைசலில் முக்கினார்கள். நிறம் மாறியது. இழுப்பறையில் நோட்டுகள் இருந்தன. அவர் யாரையும் திட்டவில்லை. அக்காவைப் பார்த்து, “நீங்க அவங்க சொந்தக்காரங்க இல்லையாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

நடந்ததையெல்லாம் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் வேகமாக வாசித்தார்கள். அதில் ‘வலது கையால் பெற்றுக்கொண்டதை நேரில் கண்டேன்’ என்று ஒரு வரி இருந்தது. தான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறந்திருக்கிறார். சத்தம் வரவில்லை. சுற்றிலும் அத்தனை பேர், அத்தனை அவசரம். பேனாவைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாமேக்கா,” என்றேன்.

“போலீஸ் ஆபீஸுக்கு நானா? போனா அப்பவே ஏன் சொல்லலன்னு கேப்பாங்களே.”

அப்படியே வருடங்கள் ஓடின. வழக்கு நடக்கிறதா, தூங்குகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவில் சுனாமி வந்தது. அந்தக் குப்பத்திலும் வீடுகள் போயின என்று கேள்விப்பட்டதும் அக்கா வேலையில் மனம் ஓடாமல் அன்றெல்லாம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினார். அவள் உயிரோடு இருந்தால் வழக்கும் உயிரோடு இருக்கும் என்ற பயமும் கூடவே இருந்தது. அதையும் அவரே சொன்னார்.

பிறகு ஒருநாள் சம்மன் வந்தது. செங்கல்பட்டு நீதிமன்றம்.

சம்மனுக்குப் பின்னாலேயே அந்த அலுவலர் வந்தார், மனைவியோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா சர்ச்சிலிருந்து வந்த நேரம். நானும் அன்று அங்கே இருந்தேன். வேலை போய், அரை வயிற்றுப் பிழைப்பு என்பது அவர் சட்டைக் காலரில் தெரிந்தது. மனைவிதான் பேசினாள்.

“அக்கா, இவர் அப்படிப்பட்டவர் இல்ல. அந்த மீன்காரி பிளான் பண்ணி மாட்டிவிட்டுட்டா. எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு, பத்தாவது படிக்கறா. ஸ்கூல்ல அவள என்னென்னவோ சொல்றாங்க. நீங்க ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அக்கா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டாள். “ஐயோ, வேணாம்மா, எழுந்திருங்க, எழுந்திருங்க,” என்று அக்காவும் கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அந்த மனிதர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது அந்தப் பெண்ணின் முகம் மாறியிருந்தது. “எங்க குடும்பம் நாசமாப்போனா அது உங்க தலையிலதான் விடியும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. அந்த மனிதர்தான் செய்யச் சொன்னாரா, அவருக்காக வேறு யாராவது செய்தார்களா, இன்றுவரை தெரியாது. எங்களுக்கு அலுவலகம் இல்லாத நாட்களில், பகலில்தான் வரும். எடுத்தால் சிறிது நேரம் மூச்சுச் சத்தம். பிறகு வைத்துவிடுவார்கள். ஒரு நாள் பேசினார்கள். மிக மரியாதையான குரல்.

“மேடம், பாப்பா கம்பெனி கேப்ல டிரைவருக்குப் பின்னாடி சீட்லதான் உக்காருது. ஜன்னல் பக்கம். இன்னிக்கு மஞ்சள் சுடிதார். வெயில் அடிக்குது, திரை போட்டுக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். அக்கா ரிசீவரை வைக்காமலே என் வீட்டுக்கு ஓடிவந்தார். நான் பக்கத்துத் தெருவுக்கு அப்போதுதான் குடிமாறியிருந்தேன். அக்கா செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை. மகளின் கைப்பேசிக்கு நான்தான் போட்டேன். அவள் எடுத்து, “மீட்டிங்ல இருக்கேன், என்ன ஆன்ட்டி?” என்று கேட்கும்வரை அக்கா தன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகளிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவள் படித்த பெண், ‘தைரியமா இரும்மா’ என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கத்தினாள்.

“நீ யாரும்மா? போலீஸா? உனக்கு எதுக்கு இது? தெரியல, ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வந்துடேன். ஊரே அதத்தான் சொல்லுது. எனக்கு ஏதாவது ஆனா அந்த மீன்காரம்மாவா வந்து பாக்கப்போறாங்க?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். “நீ சொல்றது சரிதான்,” என்றார். “நான் சொல்லிப் பாத்தேன் பாப்பா. கண்ணாடி முன்னாடி நின்னு, ஞாபகம் இல்லன்னு சொல்லிப் பாத்தேன். அந்த ஆளுங்கள விட, அப்படிச் சொல்றதுக்குத்தான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.”

“அப்ப நான் செத்தா உனக்குப் பயமா இல்லையா?”

அதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. மகளை வேலூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பஸ் ஏறும்போது அவள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்கு நாளுக்குக் கொஞ்சம் முன்பு புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு வந்தார். பழையவர் மாற்றலாகியிருந்தார். “புகார் குடுத்த அம்மா மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல மேடம். எல்லாம் உங்க கையிலதான் இருக்கு. எழுதினத ஒருதடவ படிச்சுப் பாத்துக்குங்க. அதுல இருக்கறபடி சொல்லிட்டாப் போதும்,” என்றார். அக்கா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவருக்கு அழைப்பு வந்து வெளியே போய்விட்டார்.

செங்கல்பட்டுக்கு ரயிலில் போனோம். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். அந்தப் பக்கம் போகும் வண்டியில் காலையில் கூட்டம் இருக்காது. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் அக்கா அதில் உட்காரவில்லை. கூடுவாஞ்சேரி தாண்டியபோது, அவராகவே பேசத் தொடங்கினார்.

“அன்னிக்கு உறுதிமொழில ஒரு வரிய விட்டேனே, ஞாபகம் இருக்கா? நான் குடுத்ததும் வாரிசு சர்டிபிகேட்டுக்குத்தான். அவர் போய் ஒரு மாசம்கூட ஆகல. தாலியில இருந்த குண்டுமணிய வித்துக் குடுத்தேன். எங்கிட்ட வாங்கினவரும் இப்படித்தான் நல்லாப் பேசினாரு. பாப்பாவுக்குச் சாக்லேட்கூடக் குடுத்தாரு.”

வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பியது.

“அந்தப் பொண்ணு புகார் குடுக்கப் போனா பாரு. நான் போகல,” என்றார்.

முதலில் மீன்காரப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் மெலிந்து, பாதியாகியிருந்தாள். கூண்டில் ஏறி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “அந்த சாரு ஒண்ணியும் கேக்கல. யாரோ எழுதிக் குடுத்தாங்க, நான் கைநாட்டு வெச்சேன். நோட்ட நானா மேசைமேல வெச்சுட்டு வந்துட்டேன்.” அரசு வழக்கறிஞர் அவளைப் பிறழ்சாட்சி என்று அறிவித்து ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘தெரியாது சார்’ என்றாள்.

வராந்தாவில் எங்களைக் கடந்து போகும்போது நின்றாள்.

“மனசுல வெச்சுக்காதக்கா. புயலுக்கு அப்பால வூடு இல்ல, வாசல் இல்ல. ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது. ஆளுங்க வந்து எதிர்ல நின்னுக்கினு பாத்துக்கினே இருந்தாங்க. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு.”

கடல் பொங்கியதை அவள் புயல் என்றுதான் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்தார். “எனக்கும் அப்படித்தாம்மா நிக்கறாங்க. நீ போ, வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேரு,” என்றார்.

அடுத்தது அக்கா. கூண்டின் கட்டையை அவர் பிடித்ததில் அந்தக் கட்டையே லேசாக ஆடியது. சத்தமாகப் பேசும்படி நீதிபதி திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் செய்தார். பாதி சேலையில் சிந்தியது. அந்த அலுவலர் சொன்ன வார்த்தைகளை அக்கா அப்படியே சொன்னார். ‘உங்க வீட்டுக்காரர் இருந்தா’ என்று அவர் தொடங்கியதும் கூடத்தில் யாரோ இருமியதுகூட எனக்கு இடிபோலக் கேட்டது.

“பணத்தை அவர் எந்தக் கையால் வாங்கினார்?” என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

“தெரியாது சார். நான் கண்ண மூடிட்டேன்.”

வழக்கறிஞர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்: “நேரில் கண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?”

“போட்டேன். அது தப்பு சார். பயத்துல போட்டுட்டேன்.”

எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். அவர் முகத்தில் பாதி வெற்றி தெரிந்தது. “ஆக, பணம் கைமாறியதை நீங்கள் பார்க்கவில்லை. பயத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டீர்கள். அப்படித்தானே?”

“ஆமா சார்.”

“பயந்த சுபாவம் உள்ளவர்.”

“ஆமா சார்.”

“இன்றைக்கும் லஞ்ச ஒழிப்பு அதிகாரிகளுக்குப் பயந்துதான் இந்தச் சாட்சியம் சொல்கிறீர்கள் என்கிறேன்.”

“அவங்களுக்கும் பயம் சார். உங்களுக்கும் பயம். இவர் பக்கத்து ஆளுங்களுக்கு ரொம்ப பயம். பொண்ண ஊருக்கு அனுப்பிட்டு வந்திருக்கேன்.” அக்கா மூச்சு வாங்கினார். “பயந்து கண்ண மூடிட்டேன் சார். காத மூடல. அவர் கேட்டது என் காதுல விழுந்துச்சு. இத்தன வருஷமா விழுந்துட்டேதான் இருக்கு.”

வழக்கறிஞர் மேலும் எதையெதையோ கேட்டார். எதற்கும் அக்காவின் பதில் மாறவில்லை. இறங்கி வரும்போது படியில் கால் தடுக்கி, நான்தான் பிடித்தேன். இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்க்காமல் கடந்து போனார். வெளியே மரத்தடியில் இரண்டு பைக்குகளில் ஆட்கள் சாய்ந்து நின்றார்கள். அவர்கள் சும்மா நின்றார்களா, எங்களுக்காக நின்றார்களா என்று தெரியாது. ஸ்டேஷன்வரை ஆட்டோவில் போகும்போது அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்காது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாதே. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும், ஒவ்வொரு அழைப்பு மணிக்கும் நாங்கள் இருவருமே செத்துப் பிழைத்தோம். நானும் கோர்ட்டுக்குப் போனதற்காக என் வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்த அலுவலருக்குச் சிறைத்தண்டனை. கண்ணை மூடிக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்கிற சாட்சி காதால் கேட்டதைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய காரணமில்லை என்று நீதிபதி சொல்லியிருந்தாராம். அலுவலகத்தில் யாரும் அக்காவைப் பாராட்டவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பின்னாலேயே மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமத்துக்கு மாற்றல் வந்தது. “ஐயோ, அங்க பாம்பெல்லாம் இருக்குமேடி,” என்றார். மகள் வேலூரிலிருந்து திரும்பிவந்து, கம்பெனிக்குப் பக்கத்திலேயே விடுதி பார்த்துக்கொண்டாள். அம்மாவிடம் பேசினாள், ஆனால் அளந்து பேசினாள்.

மாற்றலுக்காகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மதிய நேரத்தில் அந்த அலுவலரின் மனைவி வந்தாள். தனியாக வந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த அக்கா பின்வாங்கி என் மேல் மோதினார். “திறக்காத. கையில ஏதோ வெச்சிருக்கா,” என்றார். அது ஒரு குடை. அந்தப் பெண் மணியடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். குடையை விரிக்கவும் இல்லை. கடைசியில் அக்காவே போய்க் கதவைத் திறந்தார். சங்கிலியை எடுக்கவில்லை.

“உள்ள வரல,” என்றாள் அந்தப் பெண். “ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். வீட்ல எல்லாரும் பொய்க் கேஸுன்னே சொல்றாங்க. வக்கீலும் அதத்தான் சொல்றார். அவரும் அதத்தான் சொல்லிட்டு உள்ள போனார். நீங்க சொல்லுங்க. நிஜமாவே கேட்டாரா?”

நீதிமன்றத்தில்கூட அக்கா அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. பொய் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது.

“கேட்டாரும்மா,” என்றார் அக்கா.

“எப்படிக் கேட்டார்?”

அக்கா சொன்னார். அந்தச் சொற்களை, அதே தணிந்த குரலில். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஆமா,” என்றாள் பிறகு. “அவர் அப்படித்தான் பேசுவார்.”

அக்கா சங்கிலியை எடுத்துக் கதவை முழுக்கத் திறந்தார். “வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க,” என்றார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

“உங்கள தினமும் சபிச்சேன்.”

“தெரியும்மா. எல்லாத்த விடவும் அதுக்குத்தான் நான் பயந்தேன்.”

“இனிமே சபிக்கல,” என்று சொல்லி, அவள் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். “என் பொண்ணு, அப்பா என்ன தப்பு பண்ணார்னு கேட்டுட்டே இருக்கா. நான் என்ன சொல்லட்டும்?”

அக்காவின் பார்வை ஒருதடவை உள்ளறைப் பக்கம், மகள் காலிசெய்துவிட்டுப் போயிருந்த மேசைக்குப் போய் வந்தது.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார். “என் பொண்ணு கேட்டதுக்கே நான் இன்னும் பதில் சொல்லல.”